பொன்னூர் மலை முதல் கல்பாக்கம் வரை: அணுவை ஆராய்ந்த அறிஞர்கள்

திருப்போரூரிலிருந்து மாமல்லபுரத்தை அடைந்து, அங்கிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே செல்வோர் சதுரங்கப்பட்டினத்தை ஒட்டி கல்பாக்கத்தைக் காண்பர். அணுவின் உட்கருவைப் பிளந்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் அணு ஆராய்ச்சி மையமும் அங்கே கடலை நோக்கி நிற்கின்றன. அதே பகுதியிலிருந்து மேற்கே செங்கற்பட்டு, உத்திரமேரூர் வழியாக வந்தவாசியைக் கடந்தால் பொன்னூர் மலை. ஆசாரிய ஸ்ரீ குந்தகுந்தர் தவமிருந்த இடமெனத் தமிழ்ச் சமணர் போற்றும் அம்மலை உச்சியில் அவருடைய திருவடிகள் வழிபடப்படுகின்றன. இரண்டு இடங்களையும் ஒரே நாளில் கண்டு திரும்பலாம்.

ஒன்று அறநெறித் தலம். மற்றொன்று அறிவியல் கூடம். எனினும் இரண்டிலும் எழுந்த வினா ஒன்றே. கண்ணால் காணும் இவ்வுலகப் பொருள்கள் இறுதியில் எதனால் ஆனவை? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களின் வரலாற்றில் நம் ஆசாரியர்களுக்கும் தமிழ்ச் சமணப் புலவர்களுக்கும் இடமுண்டு. அவ்விடத்தை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் அறிந்துகொள்வது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் கடமையாகும்.

ஆகமம் கூறும் பரமாணு

சமணம் கூறும் ஆறு திரவியங்களுள் உருவமுடையது புற்கலம் ஒன்றே. சீவன், தன்மம், அதன்மம், ஆகாயம், காலம் ஆகிய ஐந்தும் அருவமானவை. குந்தகுந்தாசாரியர் தம் பஞ்சாத்திகாய நூலில் புற்கலத்தை நான்காகப் பிரிக்கிறார். முழுத் திரளாகிய கந்தம், அதன் பாதி, பாதியின் பாதி, மேலும் பிரிக்க இயலாத பரமாணு என்பன அவை. பரமாணுவுக்கு ஒரு நிறம், ஒரு சுவை, ஒரு மணம், இரண்டு ஊறு உண்டு. தண்மை அல்லது வெம்மையில் ஒன்றும், நெய்ப்பு அல்லது வறட்சியில் ஒன்றுமே அவ்விரண்டு ஊறுகள். கனம், நொய்மை, வன்மை, மென்மை ஆகியவை பல பரமாணுக்கள் சேர்ந்த திரளுக்கே உரியவை. பரமாணுவுக்குத் தானாக ஓசையில்லை. ஓசை பிறக்கக் காரணமாவது அதுவே.

பரமாணுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு இணைகின்றன என்பதைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் விளக்குகிறது. உமாசுவாமி ஆசாரியர் அதற்குக் கூறும் காரணம் நெய்ப்பும் வறட்சியும். இப்பண்புகளுக்குப் படிநிலைகள் உண்டு. மிகக் குறைந்த படியில் உள்ளவை இணைவதில்லை. இரண்டு படி வேறுபாடு உடையவை இணையும். படி மிகுந்தது குறைந்ததைத் தன் இயல்புக்கு மாற்றும். இச்சூத்திரங்களுக்கு உரைகண்ட பூச்சியபாதர், மின்னலும் மேகமும் வானவில்லும் இவ்விரு பண்புகளின் விளைவாக இயற்கையில் தோன்றும் பிணைப்புகள் என்று தம் சர்வார்த்தசித்தியில் எழுதினார்.

இதில் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. வைசேடிகர் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றுக்குத் தனித்தனி அணுக்கள் உண்டென்றும் அவை ஒன்று மற்றொன்றாகா என்றும் கொண்டனர். குந்தகுந்தரோ, நான்கு பூதங்களுக்கும் காரணம் ஒரே வகைப் பரமாணுவே என்றார். பரமாணுக்கள் தம் பண்பில் மாறுவதாலேயே நிலமும் நீரும் வேறாகத் தோன்றுகின்றன. தோற்றமும் அழிவும் நிலைபேறும் ஒருங்கே உடையது உள்பொருள் என்னும் சமண அடிப்படைக்கு இது முற்றும் பொருந்துகிறது.

தமிழ்க் காப்பியங்களில் அணுவாதம்

அணுவைப் பற்றிய இவ்வாராய்ச்சி பிராகிருதத்திலும் வடமொழியிலும் மட்டும் நிகழவில்லை. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் ஆசீவகர் தம் அணுக்கொள்கையைக் கூறுகின்றனர். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என அணு ஐவகைப்படும். அணு புதிதாகத் தோன்றுவதுமில்லை, பிளவுபடுவதுமில்லை. அணுக்கள் நெருங்கிச் செறிந்தால் வயிரம் போல் இறுகும், நெகிழ்ந்தால் மூங்கில் போல் துளையுறும் என்பது அவர்கள் கருத்து. தனியணு கண்ணுக்குப் புலப்படாது, திரண்ட நிலையிலேயே புலப்படும் என்றும் அவர்கள் கண்டனர்.

சமணக் காப்பியமாகிய நீலகேசியில் இவ்வாதம் முழு வடிவம் பெறுகிறது. ஆசீவகவாதச் சருக்கத்தில் நீலகேசி, ஆசீவகத் தலைவன் பூரணனோடு வாதிட்டு வெல்கிறாள். வைசேடிகவாதத்திற்கும் பூதவாதத்திற்கும் தனித்தனிச் சருக்கங்கள் அந்நூலில் உள்ளன. சமணர் ஆசீவகரை மறுத்தது அணு உண்டு என்பதற்காக அன்று, உயிரையும் அணுவாக்கியதற்காகவே. உயிர் அறிவை இலக்கணமாக உடையது, அணு சடப்பொருள். உயிரை அணுவென்று கொண்டால் வினைக்கும் வீட்டுக்கும் இடமில்லாது போகும். ஆகவே அணு எது என்னும் வினா அன்றைய தமிழகத்தில் அறம் எது என்னும் வினாவோடு பிணைந்திருந்தது.

நீலகேசிக்குச் சமயதிவாகரம் என்னும் உரை வகுத்தவர் வாமன முனிவர். மேருமந்தர புராணம் இயற்றியவரும் அவரே என்பர். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் அவருடைய பெயரோடு இணைத்துப் போற்றப்படுகிறது. சமண காஞ்சி எனப் பெயர்பெற்ற அவ்வூர் 1997-ஆம் ஆண்டு வரை பழைய செங்கற்பட்டு மாவட்ட எல்லைக்குள் அடங்கியிருந்தது. கல்பாக்கம் இருக்கும் நிலப்பரப்பில் அணுவைப் பற்றிய தருக்கம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

ஆய்வுக்கூடத்தில் அணு

மேலைநாட்டில் கிரேக்க அறிஞர் டெமாக்கிரிட்டசு, பிளக்க இயலாதது என்னும் பொருள்பட அணுவுக்குப் பெயரிட்டார். அவருடைய கருத்து நெடுங்காலம் தருக்கமாகவே இருந்தது. அதனைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய ஆசிரியர் ஜான் டால்டன். தனிமங்கள் குறிப்பிட்ட எடை விகிதத்திலேயே சேர்கின்றன என்பதைக் கொண்டு, ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி எடையுடைய அணு உண்டென 1808-இல் அவர் நூல் வெளியிட்டார்.

அந்த நூற்றாண்டின் இறுதியில் அணு பிளக்க இயலாதது என்னும் நம்பிக்கை தளர்ந்தது. 1896-இல் பெக்கரல் யுரேனியத்திலிருந்து கதிர்கள் தாமே வெளிப்படுவதைக் கண்டார். 1898-இல் மேரி கியூரியும் பியேர் கியூரியும் பொலோனியம், ரேடியம் ஆகியவற்றைக் கண்டறிந்தனர். இவற்றுக்கு இடையே 1897-இல் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானை வெளிப்படுத்தினார். அணுவுக்குள்ளும் உறுப்புகள் உண்டு என்பது உறுதியாயிற்று.

அடுத்தவர் எர்னெஸ்ட் ரூதர்ஃபோர்டு. மான்செஸ்டரில் அவருடைய மாணாக்கர் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய பொன் தகட்டின்மீது ஆல்பா துகள்களைச் செலுத்தினர். பெரும்பாலானவை தடையின்றிக் கடந்தன; மிகச் சில மட்டும் வந்த வழியே திரும்பின. அணுவின் பெரும்பகுதி வெற்றிடம், அதன் எடை ஏறத்தாழ முழுவதும் நடுவிலுள்ள மிகச் சிறிய கருவில் செறிந்துள்ளது என ரூதர்ஃபோர்டு 1911-இல் அறிவித்தார். 1913-இல் டென்மார்க்கின் நீல்சு போர் எலெக்ட்ரான்களுக்கு உரிய பாதைகளை வகுத்தார். 1932-இல் ஜேம்சு சாட்விக் மின்னூட்டமற்ற நியூட்ரானைக் கண்டார். 1938-ஆம் ஆண்டு இறுதியில் ஜெர்மனியில் ஆட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் நியூட்ரான் தாக்கிய யுரேனியத்தில் பேரியம் தோன்றக் கண்டனர். யுரேனியக் கரு பிளந்ததே அதன் பொருள் என விளக்கியவர்கள் லீசா மைட்னரும் அவருடைய சகோதரியின் மகன் ஃபிரிஷும் ஆவர். ஏழாண்டுகள் நிறைவதற்குள், 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவும் 9-ஆம் நாள் நாகசாகியும் அழிந்தன.

1920-ஆம் ஆண்டு

இவ்வரலாற்றில் 1920-ஆம் ஆண்டு தமிழ்ச் சமணர் நினைவில் கொள்ளத்தக்கது. அவ்வாண்டு ரூதர்ஃபோர்டு ஹைட்ரஜன் கருவுக்கு புரோட்டான் என்னும் பெயரைச் சூட்டினார். அதே ஆண்டு மேகநாத சாகா, மிகுந்த வெப்பத்தில் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கும் அளவைக் கணிக்கும் சமன்பாட்டை வெளியிட்டார். விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறியும் வழி அதனால் திறந்தது. அதே ஆண்டில்தான் தமிழ்ச் சமணராகிய பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், குந்தகுந்தரின் பஞ்சாத்திகாயத்தை விரிந்த முன்னுரையோடும் விளக்கத்தோடும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆரா நகரிலிருந்து வந்த சமணத் திருநூல் வரிசையில் அது இடம்பெற்றது.

சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த நயினார் மேலைத் தத்துவத்தையும் ஆகமத்தையும் ஒருங்கே கற்றவர். 1923-இல் மேருமந்தர புராணத்தையும், 1936-இல் நீலகேசியைச் சமயதிவாகர உரையோடும் பதிப்பித்தவர். பரமாணுக் கொள்கை பற்றி உலகின் எந்த மூலையில் ஒருவர் ஆராய விரும்பினாலும் அந்த நூல்கள் இன்றும் பயன்படுகின்றன. ஆய்வுக்கூடத்தில் அணு வெளிப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், ஏட்டுச் சுவடியிலிருந்த அணுவை வெளிக்கொணர்ந்தவர் அவர்.

தௌலத் சிங் கோத்தாரி

சாகாவின் மாணாக்கருள் ஒருவர் தௌலத் சிங் கோத்தாரி. 1906-இல் உதயப்பூரில் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். அலகாபாத்தில் சாகாவிடம் பயின்றபின் கேம்பிரிட்ஜ் சென்று ரூதர்ஃபோர்டின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தார். 1934 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். வெப்பத்தால் மட்டுமன்றி மிகுந்த அழுத்தத்தாலும் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் விடுபடும் என்பது அவருடைய ஆய்வின் மையக் கருத்து. அதைக் கொண்டு வெண்குறு விண்மீன்களுக்கும் கோள்களுக்கும் உள்ள எடை, அளவுத் தொடர்பை அவர் ஆராய்ந்தார்.

1948-இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகரான கோத்தாரி, நேருவின் விருப்பப்படி அணுகுண்டு வெடிப்புகளின் விளைவுகளைப் பற்றிய நூலை உருவாக்கும் பொறுப்பை ஏற்றார். 1956-இல் அது வெளிவந்தது. வெடிப்பின் வெப்பம், அதிர்வு, கதிர்வீச்சு, தலைமுறைகளைத் தொடரும் பாதிப்பு ஆகியவற்றைப் பொதுமக்களும் அறியத்தக்க வகையில் அந்நூல் தொகுத்துரைத்தது. நாட்டின் படைத்துறைக்கு அறிவுரை கூறும் இருக்கையில் இருந்த ஒருவர், அழிவின் அளவை மறைக்காமல் உலகின் முன் வைத்தார் என்பது சிறப்பு.

பின்னர் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும், 1964 முதல் 1966 வரை கல்விக் குழுவின் தலைவராகவும் விளங்கினார். மேகநாத சாகா பதக்கச் சொற்பொழிவுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் ‘அணுவும் ஆன்மாவும்’ என்பது. நீல்சு போரின் நூற்றாண்டை ஒட்டி 1985-இல் வெளிவந்த தொகுப்பில், போரின் இணைநிரப்புக் கோட்பாட்டையும் சமணத்தின் சியாத்வாதத்தையும் ஒப்பிட்டு எழுதினார். ஒளி ஒரு சோதனையில் அலையாகவும் மற்றொன்றில் துகளாகவும் தோன்றுகிறது. இரண்டும் ஒரே சோதனையில் ஒருங்கே வெளிப்படுவதில்லை. ஆயினும் இரண்டையும் கொள்ளாமல் முழு உண்மை கிட்டுவதில்லை. ஒரு நோக்கில் உண்டு, ஒரு நோக்கில் இல்லை, ஒரு நோக்கில் சொல்லற்கரியது என்னும் அனேகாந்த நெறியில் பயின்றவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

சென்னைக்கு வந்த நீல்சு போர்

அணுவின் அமைப்பை வகுத்த போர் 1960-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். அப்போது அல்லாடி இராமகிருஷ்ணன் தம் இல்லத்திலேயே இளம் மாணாக்கரைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திவந்தார். அச்சிறு குழுவைக் கண்டு போர் வியந்து பாராட்டினார். அப்பாராட்டு நேருவின் கவனத்துக்குச் சென்றது. அன்றைய மாநிலக் கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் ஆதரவோடு 1962 ஜனவரி 3-ஆம் நாள் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தோன்றியது. அதன் தொடக்க விழா நடந்த இடம் மாநிலக் கல்லூரி. தொடங்கி வைத்தவர் விண்மீன்களின் வாழ்வை ஆராய்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர்.

இந்தியாவில் அணுசக்தி ஆணையம் 1948-இல் அமைந்தபோது அதன் தலைவர் ஓமி பாபா. முதல் உறுப்பினருள் ஒருவர், வத்திராயிருப்பில் பிறந்து சர் சி. வி. இராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்த கே. எஸ். கிருஷ்ணன். தமிழகத்தின் பங்கு தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

விக்ரம் சாராபாயும் கல்பாக்கமும்

1966 ஜனவரி 24-ஆம் நாள் பாபா வானூர்தி விபத்தில் மறைந்தார். அவருக்குப் பின் அணுசக்தி ஆணையத் தலைமையை ஏற்றவர் விக்ரம் சாராபாய். 1919-இல் அகமதாபாத்தின் புகழ்பெற்ற சமண வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். பெங்களூரில் சி. வி. இராமனின் கீழ் அண்டக் கதிர்களை ஆராய்ந்தவர். அவருடைய துணைவியார் மிருணாளினி, சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதனின் மகள்.

சாராபாய் அணுகுண்டு செய்வதை விரும்பவில்லை. 1964-இல் சீனா அணுகுண்டு வெடித்த பின்னர், இந்தியாவும் செய்யவேண்டும் என்னும் குரல் வலுத்திருந்த காலம் அது. பொறுப்பேற்ற அதே ஆண்டில், ஒரு வெடிப்பால் நாட்டின் பாதுகாப்பு உறுதிப்பட்டுவிடாது, பொருளாதாரமும் தொழிலும் உள்ளிருந்து வலுப்பெறுவதே பாதுகாப்பு என்ற கருத்தை அவர் வெளிப்படையாகக் கூறினார். 1970-இல் வியன்னாவில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் பொது மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1971-இல் கல்பாக்கத்தில் அணுஉலை ஆராய்ச்சி மையம் உருவானது. அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தம் 52-ஆம் வயதில் கோவளத்தில் அவர் மறைந்தார். 1974-இல் பொக்ரானில் நிகழ்ந்த வெடிப்பைக் காண அவர் இல்லை.

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளக்கும் வகை 0.7 விழுக்காடே உண்டு. எஞ்சியவற்றுட் சில நியூட்ரானை ஏற்றுப் புளூட்டோனியமாக மாறும். அப்புளூட்டோனியத்தை எரிபொருளாக்கினால் மேலும் எரிபொருளை ஈனலாம். முடிவில் நம் கடற்கரை மணலில் கிடைக்கும் தோரியத்தையும் பயன்படுத்தலாம். பாபா வகுத்த இம்மூன்று படிகளும் ஒரே ஊரில் காணக்கிடைப்பது கல்பாக்கத்தில்தான். முதற்படியைச் சேர்ந்த சென்னை அணுமின் நிலையத்தை 1983 ஜூலையில் இந்திரா காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். வெளிநாட்டார் துணையின்றி இந்தியப் பொறியாளர்களே கட்டிய முதல் அணுமின் நிலையம் அது. இரண்டாம் படிக்குரிய வேக ஈனுலைச் சோதனை உலை 1985 அக்டோபர் 18-இல் இயங்கத் தொடங்கியது. அதில் வெப்பத்தை எடுத்துச் செல்வது உருகிய சோடியம். தோரியத்திலிருந்து பெறப்படும் யுரேனியம்-233 வகையால் இயங்கும் காமினி என்னும் சிற்றுலை 1996-இல் செயற்பட்டது. 500 மெகாவாட் ஆற்றலுடைய முன்மாதிரி ஈனுலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச் 4-இல் தொடங்கியது.

2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கியபோது உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆயினும் குடியிருப்பில் பலர் உயிரிழந்தனர். கரையோர மீனவர் குப்பங்களும் துயருற்றன. அணுசக்தி வளாகத்தின் வரலாற்றை எழுதுவோர் அந்நாளையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.

ஒப்பும் வேற்றுமையும்

அணுவை நம் ஆசாரியர்களே முதலில் கண்டுபிடித்தனர், மேலைநாட்டார் பின்னர் அதையே உரைத்தனர் என்று மேடைகளில் கூறுவதுண்டு. கூர்ந்து நோக்கினால் இக்கூற்று ஆகமத்துக்கே பொருந்தாது. ஆகமத்தின் பரமாணு பிளக்க இயலாதது. டால்டனின் அணுவோ பிளக்கப்பட்டுவிட்டது. பரமாணுக்கள் யாவும் ஓரினம். இன்று அறியப்பட்ட தனிமங்கள் 118. பரமாணுவுக்கு நிறமும் சுவையும் மணமும் உண்டு. இயற்பியலின் அணுவைத் தனித்தெடுத்து அவ்வாறு கூற இயலாது. அணுவையே பரமாணு எனக் கொண்டால், கல்பாக்கத்தில் நாள்தோறும் அணுக்கரு பிளக்கப்படும்போது ஆகமம் பொய்த்ததாக முடியும். ஆகமத்தைப் பெருமைப்படுத்த எண்ணிச் சொன்ன சொல்லே அதற்கு இழுக்காகிவிடும்.

பரமாணு அவதிஞானத்தாலும் கேவலஞானத்தாலும் உணரப்படும் பொருளாகச் சொல்லப்பட்டது. கருவியால் அளக்கும் பொருளாக அது சொல்லப்படவில்லை. ரூதர்ஃபோர்டின் முடிவு சோதனையால் நிலைபெற்றது. நாளை வேறொரு சோதனையால் திருத்தப்படவும் கூடும். இரண்டும் வெவ்வேறு நயங்கள். ஒரு நயத்தின் கூற்றை மற்றொரு நயத்துக்குச் சான்றாகக் காட்டுவது பிழையாகும்.

உண்மையான பெருமை வேறிடத்தில் உள்ளது. பலவாகத் தோன்றும் பொருள்களுக்கு அடியில் ஒரே வகை நுண்பொருள் உண்டு. எதிர்ப்பண்புகள் இணைப்புக்குக் காரணமாகும். இணைப்புக்குப் படிநிலை விதிகள் உண்டு. பொருள் மாறுமேயன்றி அழியாது என்ற முடிவுகளை நம் ஆசாரியர்கள் தருக்கத்தால் மட்டும் எட்டினர். அவற்றை எதிர்ச்சமயத்தார் முன் வைத்து, வினாவுக்கு விடை கூறி நிலைநாட்டினர். வினவுவோரை வரவேற்கும் அம்மரபே நீலகேசியின் உயிர்நாடி. ஆய்வுக்கூடமும் அதே மரபினால்தான் வாழ்கிறது.

அறிவும் ஒழுக்கமும்

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் கூடியதே வீட்டு நெறி. ஞானம் மட்டும் தனித்து நின்றால் என்னாகும் என்பதற்கு 1945 ஆகஸ்டு மாதம் சான்று. அணுக்கருவைப் பிளந்த அதே அறிவு புற்றுநோய்க்கு மருந்தாகிறது, வீட்டுக்கு விளக்காகிறது, ஒரு நகரையே சாம்பலாக்கவும் செய்கிறது. அவ்வறிவை எதற்குப் பயன்படுத்துவது என்பதை அணு தீர்மானிப்பதில்லை.

மின்சாரத்துக்குப் பயன்படுத்தும்போதும் பொறுப்பு முடிவதில்லை. புளூட்டோனியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறைய ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் ஆகும். இன்று ஏற்றும் விளக்கின் எச்சத்தை இன்னும் பிறவாத தலைமுறைகள் காக்க வேண்டியிருக்கும். தேவைக்கு மேல் நுகராமை என்னும் நோன்புக்கு இக்காலத்தில் இதைவிடத் தெளிவான பொருள் வேண்டா. இல்லறத்தார் ஏற்கும் சிறு நோன்புக்கு அணுவிரதம் என்றே முன்னோர் பெயரிட்டனர். மிகச் சிறியதாகத் தோன்றும் ஒன்றின் உள்ளே எத்துணை ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதை அவர்கள் ஒழுக்கத்தின் வழியாகவும் அறிந்திருந்தனர்.

சாராபாயும் கோத்தாரியும் அணுவின் ஆற்றலை நன்கறிந்தவர்கள். அதனாலேயே அதை எச்சரிக்கையோடு அணுகினர். தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அறிவியலும் பொறியியலும் பயின்று பல துறைகளுக்குச் செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் நாளை கல்பாக்கத்து ஆய்வுக்கூடத்தில் நிற்கக்கூடும். பொன்னூர் மலையின் திருவடிகளை வணங்கிச் செல்லும் அப்பிள்ளைக்குப் பஞ்சாத்திகாயத்தின் பரமாணுவும் தெரிந்திருக்கட்டும். ரூதர்ஃபோர்டின் அணுவும் தெரிந்திருக்கட்டும். இரண்டும் ஒன்றல்ல என்பதும் தெரிந்திருக்கட்டும். எவ்வுயிர்க்கும் தீங்கு எண்ணாமையே அறிவின் பயன் என்று பகவான் மகாவீரர் காட்டிய நெறி அப்பிள்ளையின் கைகளை வழிநடத்துவதாக.

அறம் வளர்க! அகிம்சை வெல்க!